அம்மாவும் மகளும் கேம்பிரிட்ஜில் பார்க்காமல் திரும்புவது

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் விரைவு ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கேம்பிரிட்ஜ் வந்துவிடும். பிரிட்டனில் படிக்கும் அல்லது வேலை பார்க்கும் மகளோடு சில வாரம் தங்கிவிட்டுப் போகலாம் என்று வரும் அம்மாக்களுக்கு, சனி ஞாயிறு இரண்டு நாளில் கூட்டிப்போய்க் காட்டத் தோதான ஊர். பயணப் பக்கங்களும் தாய்-மகள் விடுமுறைக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கின்றன. நிகழ்ச்சி நிரலும் ஏறக்குறைய முடிவாகிவிட்ட ஒன்றுதான்: கிங்ஸ் கல்லூரித் தேவாலயம், கேம் ஆற்றில் கழி ஊன்றித் தள்ளும் தட்டைப் படகில் ஒரு சுற்று, பிற்பகலில் ஸ்கோனும் கிரீமுமாகத் தேநீர், ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம், மிச்ச நேரத்துக்குக் கடைத்தெரு. இதில் எதுவும் தள்ளத்தக்கதல்ல. ஆனால் இந்த நிரலை அப்படியே பின்பற்றும் அம்மாவும் மகளும், தங்களுக்கு நெடுங்காலம் இடமே தராத ஒரு ஊரை, அந்தச் சேதியே காதில் விழாமல் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது என் குறை. அவர்களைத் தொடும் கேம்பிரிட்ஜ், படகுத்துறையிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது. பயணத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

ஊரின் அழகைக் குறைத்துச் சொல்ல வேண்டிய தேவை இதற்கு இல்லை. 1446-ல் அடிக்கல் நாட்டி, போர்களாலும் பணமுடையாலும் நின்று நின்று, 1515 வாக்கில் கல்வேலை முடிந்த கிங்ஸ் தேவாலயத்தின் விசிறிக் கூரையைப் போல் பெரியது உலகில் வேறில்லை. ஆனால் அதே அழகுக்கு நடுவே ஒரு முரண் உட்கார்ந்திருக்கிறது. ஆற்றின் கரையோரம் படகில் போகையில் இருமருங்கிலும் வரிசையாக வரும் கல்லூரிகளில் சில பெண்கள் நிறுவியவை. கிளேர் கல்லூரிக்கு 1338-ல் தன் பெயரையும் சொத்தையும் கொடுத்தவர் எலிசபெத் தி கிளேர். குவீன்ஸ் கல்லூரியை 1448-ல் தொடங்கியவர் ராணி மார்கரெட். பின்னால் கைகொடுத்தவர் ராணி எலிசபெத் உட்வில். செயின்ட் ஜான்ஸ், ஏழாம் ஹென்றியின் தாயார் சீமாட்டி மார்கரெட் போஃபர்ட் விட்டுச்சென்ற செல்வத்தில் 1511-ல் எழுந்தது. அதற்கு ஆறாண்டு முன்பே கிறைஸ்ட்ஸ் கல்லூரியையும் அவர் நிறுவியிருந்தார். ஊருக்குள் தள்ளியிருக்கும் பெம்புரோக், சிட்னி சசெக்ஸ் இரண்டும்கூடப் பெண்களின் கொடையே. பணம் பெண்களுடையது, படிப்பு ஆண்களுக்கு. தன்னை நிறுவிய பெண்மணியின் படத்தை உணவுக்கூடத்தில் மாட்டிவைத்திருந்த கிளேர் கல்லூரி, ஒரு பெண்ணை மாணவியாகச் சேர்த்துக்கொண்டது 1972-ல். அறுநூற்று முப்பத்து நான்கு ஆண்டுகள்! நிறுவியவர் பெயரைப் படகோட்டி சொல்லக்கூடும். இந்தக் கணக்கையும் அவர் சேர்த்துச் சொன்னால் அந்தச் சவாரியே வேறாகிவிடும்.

பெண்கள் வந்த கதை 1869-ல் தொடங்குகிறது, அதுவும் கேம்பிரிட்ஜில் இல்லை. எமிலி டேவிஸ் தன் கல்லூரியை ஹிட்சின் என்ற வேறொரு ஊரில், வாடகை வீட்டில், ஐந்து மாணவிகளோடு திறந்தார். கேம்பிரிட்ஜிலிருந்து ஆசிரியர்கள் ரயிலேறி வந்து பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். 1873-ல் கல்லூரி கிர்ட்டன் கிராமத்துக்கு மாறியபோதும் நகரிலிருந்து இரண்டு மைலுக்கு மேல் தள்ளியே நின்றது. ஆண் மாணவர்களின் அருகாமை என்ற ஒரே காரணத்தைக் காட்டி ஊரார் வாயில் விழ வேண்டாம் என்ற எச்சரிக்கை அது. தத்துவ ஆசிரியர் ஹென்றி சிட்ஜ்விக்கும் அவரது நண்பர்களும் இன்னொரு வழியில் போனார்கள். வெளியூரிலிருந்து விரிவுரை கேட்க வரும் பெண்கள் தங்க 1871-ல் நகருக்குள்ளேயே ஒரு வீட்டை அவர் வாடகைக்குப் பிடித்து, ஆன் கிளஃபைப் பொறுப்பில் அமர்த்தினார். அதுவே நியூன்ஹாம் கல்லூரி. ஆண்கள் எழுதும் அதே தேர்வு, அதே விதி, ஒரு மதிப்பெண் சலுகையும் கூடாது என்பதில் எமிலி டேவிஸ் பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதத்தின் பலன் 1880-ல் தெரிந்தது. கிர்ட்டன் மாணவி சார்லட் ஸ்காட் கணிதத் தேர்வில் எட்டாவது இடத்துக்குரிய மதிப்பெண் பெற்றார். அவர் பெயரை மேடையில் வாசிக்கவில்லை; அரங்கிலிருந்த மாணவர்களே அவர் பெயரைக் கூவினார்கள். மறு ஆண்டு பல்கலைக்கழகம் இறங்கிவந்து, பெண்கள் டிரைபாஸ் எனப்படும் பட்டத் தேர்வை முறைப்படி எழுதலாம், முடிவைத் தனிப்பட்டியலாக வெளியிடலாம் என்றது. பட்டம் மட்டும் கிடையாது.

ஒரு தாயும் மகளும் இந்த ஊருக்கு வந்தால் அவர்கள் முதலில் கேட்க வேண்டிய கதை இன்னொரு தாயும் மகளும் பற்றியது. மில்லிசென்ட் ஃபாசெட், கேம்பிரிட்ஜில் பொருளியல் பேராசிரியராக இருந்த கண்பார்வையற்ற ஹென்றி ஃபாசெட்டின் மனைவி. பெண்களுக்கு விரிவுரை நடத்தலாம் என்ற யோசனை உருப்பெற்ற கூட்டங்களில் ஒன்று அவர் வீட்டு வரவேற்பறையில் நடந்தது. நியூன்ஹாமை எழுப்பியவர்களில் அவரும் ஒருவர். அப்போது மகள் ஃபிலிப்பா கைக்குழந்தை. வளர்ந்து அம்மா எழுப்பிய அதே கல்லூரியில் கணிதம் படித்தாள். அந்தக் காலத்து கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் முதலிடம் பெறுபவருக்கு சீனியர் ராங்லர் என்று பெயர். நாடே பேசும் கௌரவம். 1890 ஜூனில் செனட் ஹவுசில் முடிவு வாசிக்கப்பட்டது. ஆண்கள் பட்டியல் முடிந்து பெண்கள் பட்டியல் வந்தபோது, ஃபிலிப்பாவின் இடம் சீனியர் ராங்லருக்கும் மேலே என்று அறிவித்தார்கள். பெண்ணுக்குக் கணிதம் ஏறாது, அதிகம் படித்தால் உடம்பு தாங்காது என்று மருத்துவர்களும் பேராசிரியர்களும் எழுதித் தள்ளிய காலத்தில், தர்க்கத்துக்கு எடுத்துவைக்க இதைவிடப் பெரிய சான்று கிடைத்திருக்காது. நியாயமாக இங்கேயே வாதம் முடிந்திருக்க வேண்டும். இரண்டாமிடத்து ஆண் சீனியர் ராங்லர் பட்டத்தையும் பல்கலைக்கழகப் பட்டத்தையும் பெற்றார். முதலிடத்துப் பெண்ணுக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழ்.

ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெண்ணால் முடியாது என்பது எதிர்ப்பின் உண்மையான காரணமாக இருந்திருந்தால் 1890-க்குப் பிறகு எதிர்ப்பு தளர்ந்திருக்கும். நடந்தது நேர்மாறு. கேம்பிரிட்ஜ் பட்டம் படித்ததற்கு அடையாளம் மட்டுமாக இருக்கவில்லை. முதுகலைப் பட்டம் பெற்றவர் செனட்டின் உறுப்பினர். பல்கலைக்கழகம் எப்படி நடக்க வேண்டும் என்பதில் அவருக்கு வாக்கு உண்டு. அதன் பதவிகளுக்கும் சொத்துகளுக்கும் உரிமை கோரலாம். பெண்கள் படிக்கட்டும், எழுதட்டும், வேண்டுமானால் முதலிடமும் பெறட்டும், ஆனால் நிர்வாகத்தில் குரல் கூடாது: ஐம்பது ஆண்டுக்கு மேல் பல்கலைக்கழகம் காத்துநின்ற கோடு இது. 1897 மே மாதம், பெண்களுக்குப் பட்டத்தின் பெயரையாவது கொடுக்கலாமா என்ற மிதமான ஒரு யோசனை வாக்கெடுப்புக்கு வந்தது. நாடெங்கும் இருந்த பழைய மாணவர்கள் எதிர்த்து வாக்களிக்கத் திரண்டார்கள். லண்டனிலிருந்து சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. செனட் ஹவுசுக்கு எதிரே, டிரினிட்டி தெரு முதல் எண் புத்தகக் கடை மாடியில், சைக்கிள் ஓட்டும் பெண்ணின் கொடும்பாவியைத் தொங்கவிட்டார்கள். 1,700-க்கும் மேற்பட்டோர் எதிர்த்தார்கள், ஆதரவு 660 அளவில் நின்றது. முடிவு தெரிந்ததும் கூட்டம் கொடும்பாவியைக் கிழித்து, நியூன்ஹாம் வாசல்வரை கொண்டுபோய், எஞ்சியதைக் கதவுக்குள் திணித்துவிட்டு வந்தது. அந்தப் புத்தகக் கடை இன்றும் புத்தகக் கடைதான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் விற்பனையகம். எதிரே நின்று செனட் ஹவுசின் வெள்ளைத் தூண்களைப் படமெடுக்கும் ஆயிரமாயிரம் பேரில் எத்தனை பேர் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்?

அதன் பிறகு நடந்தவற்றில் கொஞ்சம் நகைச்சுவையும் உண்டு. 1904 முதல் 1907 வரை டப்ளின் டிரினிட்டி கல்லூரி, ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் தேறிய பெண்களுக்குத் தன் பட்டத்தைக் கொடுக்க முன்வந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கப்பலேறி அயர்லாந்து போய்ப் பட்டம் வாங்கிவந்தார்கள். ஊர் அவர்களை நீராவிக் கப்பல் சீமாட்டிகள் என்று கேலி பேசியது. 1920-ல் ஆக்ஸ்ஃபோர்டு வழிவிட்டது. 1921-ல் கேம்பிரிட்ஜ் மறுபடி வாக்கெடுத்து மறுபடி மறுத்தது. ஆறுதலாகப் பெயரளவுப் பட்டம் மட்டும் தந்தது, உறுப்புரிமையும் வாக்கும் இல்லாமல். அன்று இரவு மாணவர் கூட்டமொன்று கைவண்டியை மோதி, முதல் முதல்வர் கிளஃப் நினைவாக நியூன்ஹாமில் நிறுவியிருந்த வெண்கலக் கதவுகளை உடைத்தது. அந்தக் கதவுகளைப் பழுதுபார்த்து மறுபடி மாட்டியிருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம். அந்தச் சமயம் நியூன்ஹாமில் படித்துக்கொண்டிருந்தவர்களில் செசிலியா பெய்னும் ஒருவர். இங்கே ஆய்வுக்கு வழியில்லை என்று கண்டு 1923-ல் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போய், விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று இரண்டே ஆண்டில் காட்டினார். கடைசியில் 1948-ல்தான் கேம்பிரிட்ஜ் பெண்களை முழு உறுப்பினராக ஏற்றது. மில்லிசென்ட் 1929-லேயே காலமாகியிருந்தார். ஃபிலிப்பா 1948 ஜூனில், எண்பது வயதில், அந்த விதிக்கு அரச ஒப்புதல் கிடைத்த சில வாரங்களில் இறந்தார். பட்டம் வாங்கவில்லை.

தமிழ் வாசகருக்கு கேம்பிரிட்ஜ் என்றதும் நினைவில் எழும் பெயர் ராமானுஜன். டிரினிட்டி கல்லூரிக்குப் போய், அவர் நடந்த முற்றத்தைப் பார்த்து, நம்மவர் நெகிழ்ந்து திரும்புவது இயல்பே. அவர் கதையையும் இந்தக் கதையோடு சேர்த்துப் படிக்கலாம். கும்பகோணத்திலும் சென்னையிலும் கணிதம் தவிர்த்த பாடங்களில் தோற்று, பட்டமில்லாமல் 1914-ல் போய்ச் சேர்ந்தவருக்கு, கேம்பிரிட்ஜ் தன் வழக்கமான தகுதி விதிகளைத் தளர்த்தி இடம் கொடுத்தது. அவரது ஆய்வைப் பார்த்து 1916-ல் இளங்கலைப் பட்டம் தந்தது; 1918-ல் டிரினிட்டி ஃபெலோ ஆக்கிக்கொண்டது. அது அந்தப் பல்கலைக்கழகத்தின் பெருமைக்குரிய செயல், ஐயமில்லை. ஆனால் மேதைமையைக் கண்டால் விதியை வளைக்க அதற்குத் தெரியும் என்பதற்கும் அதுவே சாட்சி. அதே 1916-ல், எல்லாத் தகுதியும் பெற்று எல்லாத் தேர்வும் எழுதிய நியூன்ஹாம் பெண்களுக்காக ஒரு விதியும் வளையவில்லை. பேரரசின் இன்னொரு மூலையிலிருந்து பார்த்தால் இந்த வேடிக்கை கூடுகிறது. சந்திரமுகி பாசுவும் காதம்பினி கங்குலியும் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றது 1883-ல். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றது 1912-ல். ஆள்பவரின் முதன்மைப் பல்கலைக்கழகம் தன் ஊர்ப் பெண்ணுக்குத் தர மறுத்ததை, ஆளப்படும் நாட்டின் பல்கலைக்கழகங்கள் முன்பே தந்துவிட்டன. நாம் மார்தட்டிக்கொள்ள இது போதாது. இங்கே அந்த வாய்ப்புக் கிட்டியவர்கள் சொற்பம், பள்ளி வாசலையே மிதிக்காத பெண்கள் கோடிக்கணக்கில். இருந்தாலும், அந்தக் காலத்தில் பெண்ணுக்குப் பட்டம் என்பது எண்ணிப் பார்க்கவும் முடியாத ஒன்று என்ற சமாதானத்தை இந்த ஆண்டுகள் உடைக்கின்றன.

அந்தச் சமாதானம்தான் முதலில் வரும் மறுப்பும். நூறாண்டு முந்தையவர்களை இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமா, அந்தக் காலம் அப்படி, என்பார்கள். காலத்தின் மேல் பழி போடுவதற்கு முன், அந்தக் காலத்தவரே என்ன சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். லண்டன் பல்கலைக்கழகம் 1878-லேயே பெண்களுக்குப் பட்டங்களைத் திறந்துவிட்டது. சார்லட் ஸ்காட்டும் கடைசியில் அங்கேதான் பட்டம் வாங்கினார். சிட்ஜ்விக்கும் நண்பர்களும் கேம்பிரிட்ஜுக்குள்ளிருந்தே முப்பதாண்டு போராடினார்கள். 1897-ல் ஆதரித்து வாக்களித்த அறுநூற்றுச் சொச்சம் பேரும் அதே காலத்து ஆண்கள், அதே பாடம் படித்தவர்கள். எதிர்த்தவர்களுக்கு மாற்றுக் கருத்து எட்டாமல் போகவில்லை. கேட்டு, ரயிலேறி வந்து, வாக்குப்போட்டு மறுத்தார்கள். ஆகவே அவர்களை அளப்பதற்கு இன்றைய கோல் தேவையில்லை, அன்று அவர்கள் பக்கத்திலேயே நின்றிருந்தவர்களின் கோலே போதும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கிர்ட்டனும் நியூன்ஹாமும் வசதி படைத்த வீட்டுப் பெண்களின் கதை. ஊர்ப் பெண்களுக்கு அதில் என்ன பங்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான், பதிலும் கசப்பானது. பெண்கள் இந்தக் கல்லூரிகளுக்குள் எப்போதும் இருந்திருக்கிறார்கள், படுக்கை விரிக்கவும் கணப்பைத் துடைக்கவும். கல்லூரிக்கு வெளியே தெருவில் நடந்த ஊர்ப் பெண்ணின் நிலை இன்னும் மோசம். முதலாம் எலிசபெத் காலத்துச் சாசனமொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒழுக்கக்கேடு என்று ஐயப்பட்டாலே எந்தப் பெண்ணையும் பிடித்துச் சிறைவைக்கும் அதிகாரத்தைப் பல்கலைக்கழகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை பயன்படுத்தியது. மாணவனோடு நடந்து போனாள் என்பதே போதும். விசாரணை துணைவேந்தர் முன்னால், வழக்குரைஞரோ ஜூரியோ இல்லாமல். தண்டனை செயின்ட் ஆண்ட்ரூஸ் தெருவில் இருந்த ஸ்பின்னிங் ஹவுஸ் என்ற சிறையில். 1891-ல் பதினேழு வயது டெய்சி ஹாப்கின்ஸ் அப்படிப் பிடிபட்டாள். வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. பல்கலைக்கழக உறுப்பினரோடு நடந்தது என்று எழுதப்பட்டிருந்த குற்றச்சாட்டு எந்தச் சட்டத்திலும் குற்றமே அல்ல என்று நீதிபதிகள் அவளை விடுவித்தார்கள். 1894-ல் நாடாளுமன்றம் அந்த அதிகாரத்தையே பறித்தது. கட்டடத்தை இடித்தாயிற்று, அந்த இடத்தில் பிறகு காவல் நிலையம் எழுந்தது. ஆக, செனட் ஹவுசில் ஃபிலிப்பாவின் பெயரை வாசித்த அதே சில ஆண்டுகளில், அரை மைல் தள்ளி, இருட்டிய பிறகு தெருவில் நடந்த இளம்பெண்ணுக்குச் சிறை காத்திருந்தது. படித்த பெண்ணையும் ஏழைப் பெண்ணையும் ஒரே நிர்வாகம் இரண்டு விதமாக வெளியே நிறுத்தியது. நான் சொல்லும் நடைப்பாதையில் நியூன்ஹாமுக்கு இருக்கும் இடம் செயின்ட் ஆண்ட்ரூஸ் தெருவுக்கும் உண்டு.

குடும்பம் என்பதே இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் புதிது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். துறவிகளின் மரபில் வந்த கல்லூரிகள் என்பதால் ஃபெலோக்கள் மணம் செய்யக்கூடாது. செய்தால் பதவி போய்விடும். இந்த விதி பொதுவாகத் தளர்ந்தது 1882-ல். அதற்குப் பிறகே ஆசிரியர் வீடுகளும், அவற்றில் தாய்மாரும் மகள்களும், நகரின் மேற்கே புதுத் தெருக்களும் தோன்றின. சார்ல்ஸ் டார்வினின் பேத்தி க்வென் ராவரா, 1885-ல் அப்படியொரு வீட்டில் பிறந்தவர். அமெரிக்காவிலிருந்து மருமகளாக வந்த தன் அம்மாவையும், அத்தை சித்தப்பாமார் பட்டாளத்தையும் வைத்து அவர் 1952-ல் எழுதிய குழந்தைப் பருவ நினைவுநூல் இன்றும் அச்சில் இருக்கிறது. அவர்கள் வாழ்ந்த ஆற்றோர வீடு இப்போது டார்வின் கல்லூரியின் பகுதி. தாய்-மகள் பயணத்துக்குக் கையில் எடுத்துப்போக ஒரே ஒரு புத்தகம் சொல் என்றால், பலரும் வர்ஜீனியா வுல்ஃபைச் சொல்வார்கள். 1928 அக்டோபரில் நியூன்ஹாமிலும் கிர்ட்டனிலும் அவர் ஆற்றிய உரைகளிலிருந்துதான் பெண்ணுக்குத் தனியறை வேண்டும் என்று வாதிடும் அந்தப் புகழ்பெற்ற நூல் பிறந்தது. புல்வெளியில் கால்வைத்ததற்காகத் துரத்தப்படும் பெண்ணை அதில் அவர் காட்டுகிறார். கிங்ஸ் கல்லூரிப் புல்வெளியில் சுற்றுலாப் பயணி கால்வைத்தால் இன்றும் ஓடிவந்து தடுப்பார்கள், ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல். அந்த மட்டில் சமத்துவம் வந்துவிட்டது. நான் ராவராவைத்தான் சொல்வேன். அவர் எதையும் நிரூபிக்க முயலாமல், அம்மாக்கள் மகள்களை எப்படியெல்லாம் கட்டிக்காத்தார்கள் என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறார்.

விடுமுறை என்பது ஓய்வுக்கு, ஆண்டெல்லாம் உழைத்து வந்த அம்மாவை வரலாற்றுப் பாடத்துக்கு இழுத்துப்போவது என்ன நியாயம் என்ற மறுப்புக்கு என்னிடம் பாதிப் பதில்தான் உண்டு. முழங்கால் வலியோடு வந்தவரைப் படகிலும் தேநீர்க் கடையிலும் உட்காரவைப்பதே சரி. ஆனால் நியூன்ஹாம் அலைச்சல் தரும் இடமல்ல. செங்கல்லும் வெள்ளைச் சாளரமுமாகப் பேசில் சாம்ப்னீஸ் வடிவமைத்த கட்டடங்கள், அவற்றுக்கு நடுவே விரிந்த தோட்டம். கோட்டை போன்ற பழைய கல்லூரிகளின் மிரட்டல் அதற்கில்லை. கல்லூரி அனுமதிக்கும் நேரத்தில் போனால், நகரின் நெரிசலுக்கு அது நல்ல மாற்று. மேலும், தாயும் மகளும் சேர்ந்து ஊர் போவதன் பயன் பேச்சு. வீட்டில் பேசக் கிடைக்காத பேச்சு. கிங்ஸ் கூரையின் கீழ் நின்று எவ்வளவு அழகு என்று சொல்லிவிட்டால் அடுத்த வாக்கியம் இல்லை. ஃபிலிப்பாவின் கதையைக் கேட்ட பிறகு, பாட்டியை எந்த வகுப்போடு நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று மகள் கேட்பாள். வேண்டாமென்று யார் சொன்னது, பணமா, தூரமா, மாப்பிள்ளை அமைந்துவிட்டதா என்று அம்மா நினைவுபடுத்திப் பார்ப்பார். நம் வீடுகளில் இது மூன்றாம் தலைமுறைக்கு முந்தைய சேதியல்ல, பல வீடுகளில் அம்மாவின் சொந்தச் சேதி.

அதெல்லாம் பழங்கதை, இப்போது எல்லாக் கல்லூரியும் பெண்களுக்குத் திறந்திருக்கிறதே என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1955-ல் பிறந்த பெண்ணுக்கு இன்று எழுபது வயதைத் தாண்டியிருக்கும். அவர் பதினெட்டு வயதில் கேம்பிரிட்ஜுக்கு விண்ணப்பித்திருந்தால், பெண்கள் கல்லூரிகளை விட்டால் அவரை இளங்கலைக்கு ஏற்கக்கூடிய பழைய கல்லூரிகள் இரண்டு: கிங்ஸ், கிளேர். புதிய சர்ச்சில் கல்லூரியைச் சேர்த்தால் மூன்று. மூன்றும் அதற்கு முந்தைய ஆண்டுதான் திறந்தவை. கடைசியாக வழிவிட்ட மாக்டலின் கல்லூரி பெண்களைச் சேர்த்தது 1988-ல். அன்று அங்கே மாணவர் சிலர் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு துக்கம் கொண்டாடினார்கள். அந்த மாணவர்களுக்கு இன்னும் அறுபது வயதுகூட முழுதாக ஆகியிருக்காது. இதைப் பழங்கதை என்பது வசதியான சொல். பல்கலைக்கழகம் தன் வரலாற்றை மறைக்கிறது என்று குற்றஞ்சாட்டவும் முடியாது. கிர்ட்டனின் 150-ம் ஆண்டையொட்டி 2019-ல் பல்கலைக்கழக நூலகமே பெண்களின் போராட்டம் பற்றிப் பெரிய கண்காட்சி நடத்தியது. ஆனால் கண்காட்சிக்கு முடிவுத் தேதி உண்டு, சுற்றுலாப் பாதைக்கு இல்லை. 1953-ல் கிரிக்கும் வாட்சனும் டிஎன்ஏ வடிவம் கண்ட சேதியைச் சொன்ன ஈகிள் மதுவகம் பாதையில் நிரந்தரமாக இருக்கிறது. அந்த வடிவத்துக்கு இன்றியமையாத எக்ஸ்ரே படம் வந்தது ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வுப்பணியிலிருந்து. அவர் 1938 முதல் 1941 வரை படித்துப் பெயரளவுப் பட்டம் வாங்கிய நியூன்ஹாம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிட்ஜ்விக் அவென்யூவில் ஆளரவமில்லாமல் கிடக்கிறது.

இரண்டே நாள் என்றால் எதை விடுவது என்ற கேள்வி வரும். கடைத்தெருவை விடலாம், அந்தக் கடைகள் லண்டனிலும் இருக்கின்றன. சனிக்கிழமை காலை செனட் ஹவுசும் எதிர்ப் புத்தகக் கடையும், பிறகு படகு, நிறுவிய பெண்களின் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு. பிற்பகல் நியூன்ஹாம் கதவும் தோட்டமும். மறுநாள் ஹண்டிங்டன் சாலையில் மர்ரே எட்வர்ட்ஸ் கல்லூரியைப் பார்க்கலாம். 1954-ல் பெண்களுக்கான மூன்றாவது கல்லூரியாகத் தொடங்கியது. பெண் ஓவியர்கள், சிற்பிகளின் படைப்புகளை நூற்றுக்கணக்கில் சுவரெங்கும் வைத்திருக்கிறது, பொதுமக்களுக்கும் காட்டுகிறது. அங்கிருந்து அதே சாலையில் பஸ் பிடித்தால் கிர்ட்டன். ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் கட்டிய சிவப்புக் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சிறு அருங்காட்சியக அறையில், ரோமானியர் காலத்து எகிப்தியப் பெண் ஒருத்தியின் மம்மி இருக்கிறது. ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1911-ல் ஹவாராவில் கண்டெடுத்தது. முகத்தின் மேல் வரைந்த ஓவியத்தில் அவள் பெயரும், எழுத்தறிவு பெற்றவள் அல்லது ஆசிரியை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லும் இருக்கின்றன. ஹெர்மியோனி கிராமட்டிகே. பெண்கள் கல்லூரிக்கு அவள்தான் பொருத்தம் என்று அன்று முடிவுசெய்திருக்கிறார்கள். அந்த அறை எல்லா நாளும் திறந்திருக்காது. கல்லூரிக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.